செக்ரிட்டின் ஊசி போட்டு எம்ஆர்சிபி எடுத்தேன்: மூணு வருஷமா கிடைக்காத பதில் பத்து நிமிஷத்துல கிடைச்சுது

போன மாசம் செக்ரிட்டின் ஊசி (கணையத்தை நீர் சுரக்க வைக்கற ஹார்மோன்) போட்டு எம்ஆர்சிபி ஸ்கேன், அதாவது பித்தக்குழாயையும் கணையக்குழாயையும் காட்டற எம்ஆர்ஐ, எடுத்துக்கிட்டேன். எடுக்கறதுக்கு முன்னாடி தமிழ்ல யாராவது இதைப் பத்தி எழுதியிருக்காங்களான்னு ராத்திரி தூக்கம் வராம தேடித் தேடிப் பார்த்தேன், ஒண்ணும் சிக்கல. அதான் நானே எழுதறேன். கணையத்துல திரும்பத் திரும்ப வீக்கம் வந்து, காரணம் தெரியலன்னு சொல்லி, அடுத்து ஈஆர்சிபி (வாய் வழியா ட்யூப் விட்டு கணையக்குழாயைப் பார்க்கறது) பண்ணிப் பார்க்கலாமான்னு டாக்டர் கேட்டு வெச்சிருக்காரா, அப்ப அவசரப்படாம இதை முழுசாப் படிச்சிட்டு முடிவெடுங்க.

மொதல்ல மார்க் போட்டுடறேன். ஸ்கேனுக்கு 5க்கு 5. அதை எடுக்கறதுக்கு ஆஸ்பத்திரி பண்ணின ஏற்பாட்டுக்கு 5க்கு 2. அந்தப் படத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதின ரேடியாலஜிஸ்டுக்கு மார்க் போடற தகுதி எனக்கு இல்ல, அவங்களுக்கு நன்றி மட்டும்தான்.

எனக்கு வயசு 37, ஊரு மார்த்தாண்டம் பக்கம், இப்ப ஒன்பது வருஷமா ஓஹையோவுல இருக்கோம். 2022 தீபாவளி முடிஞ்ச மறுநாள் ராத்திரி மேல்வயித்துல ஆரம்பிச்ச வலி அப்படியே முதுகுக்கு ஊடுருவிப் போச்சு. மல்லாக்க படுக்க முடியல, முன்னாடி குனிஞ்சு உக்காந்தாதான் கொஞ்சம் மூச்சு விட முடிஞ்சுது. எமர்ஜென்சிக்குப் போனா ரத்தத்துல லைபேஸ், அதாவது கணையம் சுரக்கற என்சைம், இருக்க வேண்டிய அளவை விட பத்து மடங்குக்கு மேல. மூணு மடங்கு தாண்டினாலே பான்கிரியாடைட்டிஸ், அதாவது கணைய வீக்கம்னு சந்தேகப்படுவாங்களாம். அங்க மொதக் கேள்வி "எவ்ளோ குடிப்பீங்க?" குடிக்கிறதே இல்லைங்கன்னேன். நர்ஸ் கேட்டாங்க, அப்புறம் டாக்டர் கேட்டார், அப்புறம் என் வீட்டுக்காரர், இவரை வெளிய கூட்டிட்டுப் போய் தனியாவும் கேட்டாங்க. கேக்கறது அவங்க கடமைதான், குடிதான் பெரிய காரணங்கள்ல ஒண்ணு, அது புரியுது. ஆனா வலியில துடிச்சிட்டு இருக்கும்போது நாலாவது தடவையும் அதே கேள்வி வந்தப்ப அழுதுட்டேன்.

2023-ல ரெண்டாவது அட்டாக். அப்ப சாதாரண எம்ஆர்சிபி எடுத்தாங்க, எல்லாம் நார்மல்னு வந்துச்சு. பித்தப்பையில கண்ணுக்குத் தெரியாத பொடிக்கல்லு இருந்து இறங்கியிருக்கலாம்னு சொல்லி பித்தப்பையை எடுத்தாங்க. சரி, தொல்லை விட்டுச்சுன்னு நெனச்சோம். 2024 கடைசியில மூணாவது அட்டாக். பித்தப்பையே இல்லாத ஆளுக்கு எங்கிருந்து கல்லு வரும்? ட்ரைகிளிசரைடு நார்மல், கால்சியம் நார்மல், ஐஜிஜி 4ங்கிற ரத்த டெஸ்ட் நார்மல், ஜீன் டெஸ்ட்டுலயும் ஒண்ணும் இல்ல. ரிப்போர்ட்ல "இடியோபதிக்"னு எழுதியிருந்தாங்க, அதாவது காரணம் தெரியலன்னு அர்த்தம். அந்த வார்த்தையை வெச்சிக்கிட்டு வீட்டுக்கு வர்றது எவ்ளோ கஷ்டம்னு அனுபவிச்சவங்களுக்குத் தெரியும். அடுத்து எந்த நாள் வரும், என்ன சாப்பிட்டா வரும், ஒண்ணுமே தெரியாது. பொண்ணோட ஸ்கூல் ஃபங்ஷனுக்குப் போகும்போது கூட பக்கத்துல எந்த ஆஸ்பத்திரி இருக்குன்னு பார்த்து வெச்சிட்டுத்தான் போவேன்.

இதுல எனக்கு இன்னொரு பயமும் இருந்துச்சு. எங்க அம்மாவோட பெரியண்ணன், என் பெரிய மாமா, அவருக்கு 26 வயசுலயே சுகர். ஆளு குச்சி மாதிரி இருப்பார், என்ன சாப்பிட்டாலும் உடம்புல ஒட்டாது. எக்ஸ்ரே எடுத்தப்ப கணையம் பூரா கல்லு. நம்ம பக்கம், கேரளாவுலயும் தமிழ்நாட்டுலயும் சின்ன வயசுக்காரங்களுக்கு வர்ற இந்த வியாதிக்கு ட்ராப்பிகல் பான்கிரியாடைட்டிஸ்னு பேரு. கேரளாவுல டாக்டர் கீவர்கீஸ் 1960கள்லயே நூத்துக்கணக்கான நோயாளிகளைப் பார்த்து எழுதி வெச்சிருக்கார். மரச்சீனிக் கிழங்குதான் காரணம்னு அந்தக் காலத்துல பேசிக்கிட்டாங்க, பின்னாடி பார்த்தப்ப அது நிக்கல, ஸ்பிங்க்1ங்கிற ஜீன்ல இருக்கற மாற்றம் அந்த வியாதிக்காரங்க நிறைய பேருக்கு இருக்கறது தெரிஞ்சுது. ஆனா எங்க அம்மாவுக்கு இன்னும் மரச்சீனிதான் குத்தவாளி. ஒவ்வொரு போன்லயும் "மக்களே, நீ அங்க மரச்சீனி திங்காண்டாம் கேட்டியா"ன்னு சொல்லாம வைக்க மாட்டாங்க. நானும் மாமா மாதிரி ஆயிடுவேனோன்னு அவங்க மனசுல ஓடுறது எனக்குத் தெரியும். அவங்ககிட்ட சொல்லல, ஆனா என் மனசுலயும் அதான் ஓடுச்சு.

மூணாவது அட்டாக்குக்கு அப்புறம் பார்த்த கேஸ்ட்ரோ டாக்டர் ரெண்டு வழி சொன்னார். ஒண்ணு ஈஆர்சிபி, வாய் வழியா ட்யூப் விட்டு கணையக்குழாய்க்குள்ளயே மருந்தை ஏத்திப் படம் எடுக்கறது. 1968-லேர்ந்து இருக்கற முறை. தெளிவாத் தெரியும், தெரிஞ்ச கையோட அங்கயே வைத்தியமும் பண்ணலாம், ஆனா அந்த ப்ரொசீஜரே கணைய வீக்கத்தைக் கெளப்பி விட்டுடும். பொதுவா நூத்துல 3லேர்ந்து 10 பேர் வரைக்கும் அப்படி ஆகுதுன்னு சொல்றாங்க, ரிஸ்க் உள்ளவங்களுக்கு அதுக்கும் மேல. ரிஸ்க் யாருக்குன்னா வயசு கம்மியான பொம்பளைங்க, பிலிரூபின் (மஞ்சக்காமாலைக்குப் பார்க்கற அளவு) நார்மலா இருக்கறவங்க, முன்னாடியே பான்கிரியாடைட்டிஸ் வந்தவங்க. மூணும் நான்தான்! சும்மா என்ன இருக்குன்னு பார்க்கறதுக்காக மட்டும் நான் இதைச் செய்ய மாட்டேன்னு அவரே சொன்னார். அந்த ஒரு வார்த்தையிலயே அவர் மேல எனக்கு நம்பிக்கை வந்துடுச்சு. ரெண்டாவது வழிதான் செக்ரிட்டின் எம்ஆர்சிபி.

"ஏற்கனவே எம்ஆர்சிபி எடுத்தாச்சே டாக்டர், நார்மல்னு வந்துச்சே"ன்னு கேட்டேன். அது வத்திப்போன வாய்க்காலைப் படம் எடுத்த மாதிரி, இது தண்ணி ஓடும்போது எடுக்கறதுங்கிற அர்த்தத்துல அவர் விளக்கினார். அவர் இங்கிலீஷ்ல சொன்னது வேற உதாரணம், எனக்கு எங்க ஊர் குளமும் மடையும்தான் மனசுல வந்துச்சு, அதனால அப்படியே சொல்றேன்.

எம்ஆர்சிபி 1991-லேர்ந்து இருக்கு. உடம்புக்குள்ள அசையாம தேங்கி நிக்கற தண்ணியை மட்டும் வெள்ளையா காட்டி, மத்ததையெல்லாம் கறுப்பாக்கிடுற எம்ஆர்ஐ அது. மருந்தே வேண்டாம், பித்தமும் கணைய நீரும்தான் அதுக்கு மருந்து. பித்தக்குழாய் கொஞ்சம் பெருசு, நல்லாத் தெரியும். கணையக்குழாய் அப்படி இல்ல, தலைப்பக்கம் 3 மில்லிமீட்டர், நடுவுல 2, வால்பக்கம் 1 மில்லிமீட்டர்தான். வேகாத சேமியா எவ்ளோ மெல்லிசு, அவ்ளோதான். அதுலயும் வெறும் வயித்துல போறோம், உள்ள நீரே இல்லாம குழாய் சப்பையா ஒட்டிக் கிடக்கும். மூச்சு விடும்போது வேற மேலயும் கீழயும் ஆடும். இதுல ஒரு சின்னக் கிளைக்குழாய் எங்க போய்த் திறக்குதுன்னு எப்படித் தெரியும்? என் 2023 ஸ்கேன்ல நார்மல்னு எழுதினவங்களை நான் குத்தம் சொல்லல, அந்தப் படத்துல அவ்ளோதான் தெரிஞ்சிருக்கு.

இங்கதான் செக்ரிட்டின் வருது. இது வெளியிலேர்ந்து வந்த கெமிக்கல் இல்ல, நம்ம குடலே சுரக்கற ஹார்மோன். வயித்துலேர்ந்து அமிலம் சிறுகுடலுக்கு இறங்கின உடனே அதோட ஆரம்பப் பகுதியான டியோடினத்துச் சுவர்ல இருக்கற எஸ் செல்லுங்க செக்ரிட்டினை ரத்தத்துல விடும், அது கணையத்துக்குப் போய் "தண்ணியை விடு"ன்னு சொல்லும், கணையம் பைகார்பனேட் கலந்த நீரை ஊத்தி அமிலத்தை அடக்கும். சாப்பிடற ஒவ்வொரு வேளையும் நம்மளக் கேக்காம நடக்கற வேலை. 1902-ல லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல பேலிஸ், ஸ்டார்லிங்னு ரெண்டு பேர் இதைக் கண்டுபிடிச்சாங்க. அதுவரைக்கும் இதெல்லாம் நரம்பு பண்ற வேலைன்னுதான் எல்லாரும் நம்பிட்டு இருந்தாங்க, ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் உட்பட. இவங்க நாயோட குடல்ல ஒரு துண்டுக்குப் போற நரம்பையெல்லாம் வெட்டிட்டு அதுல அமிலம் விட்டுப் பார்த்தாங்க, அப்பவும் கணையம் சுரந்துச்சு. அப்புறம் குடல் சுவரைச் சுரண்டி அமிலத்துல அரைச்சு வடிகட்டி நேரா ரத்தத்துல ஏத்தினாங்க, மறுபடியும் சுரந்துச்சு. நரம்பு இல்லாமயே ரத்தம் வழியா சேதி போகுதுன்னு நிரூபணம் ஆயிடுச்சு. ஹார்மோன்கிற வார்த்தையையே ஸ்டார்லிங் 1905-லதான் கொண்டு வந்தார். அப்படின்னா நாம இன்னைக்கு தைராய்டு, இன்சுலின்னு பேசற அத்தனைக்கும் பேர் வந்ததே செக்ரிட்டினாலதான். இதைப் படிச்சதுக்கப்புறம் அந்த ஊசி மேல இருந்த பயம் பாதி போயிடுச்சு எனக்கு.

ஊசியா போட்டதும் ரெண்டு விஷயம் நடக்குது. கணையம் நீரைக் கொட்டும். அதோட முதல் அஞ்சு நிமிஷத்துக்கு குழாயோட வாசல்ல இருக்கற ஒடி (Oddi)ன்னு பேரு வெச்ச சுருக்குத்தசை கொஞ்சம் இறுகும். தோட்டத்து டியூப்புல தண்ணியைத் திறந்துவிட்டு நுனியை விரலால லேசா அழுத்திப் பாருங்க, டியூப்பு பூரா விறைச்சு நிக்கும்ல, அதே கதை. சப்பையா கிடந்த குழாய் உப்பி, கிளையெல்லாம் பளிச்சுனு தெரியும். அப்புறம் தசை தளர்ந்து நீர் குடலுக்குள்ள ஊத்தும், பத்து நிமிஷத்துக்குள்ள குழாய் பழைய அளவுக்கு வந்துடணும். வரலன்னா வாசல்ல ஏதோ அடைப்புன்னு சந்தேகப்படணும். குடல்ல எவ்ளோ தூரம் நீர் நிறைஞ்சுதுன்னு பார்த்து கணையம் எவ்ளோ வேலை செய்யுதுன்னும் ஒரு கணக்கு போடறாங்க. அதாவது குழாயோட அமைப்பும் தெரியும், வேலை செய்யற திறமும் தெரியும். இதை 1997-ல பிரஸ்ஸல்ஸ் டாக்டருங்க முதல்ல ஒழுங்கா செஞ்சு காட்டி எழுதினாங்க, அதுக்கப்புறம் பெரிய கணைய சென்டர்லயெல்லாம் வந்துடுச்சு.

இனி நான் பட்ட பாட்டைச் சொல்றேன். மார்க் 2 ஏன்னு புரியும்.

அட்டாக் நடக்கும்போது இந்த ஊசி போடக்கூடாது, அதனால மூணாவது அட்டாக் ஓஞ்சு ரெண்டு மாசத்துக்கு மேல காத்திருந்தேன். அப்புறம் இன்ஷூரன்ஸ். ஃபோன்ல பேசினவங்க "கான்ட்ராஸ்ட்தானே, அது ஸ்கேன் கோட்லயே அடங்கிடுமே"ன்னு சொல்லிட்டாங்க. இல்லங்க, செக்ரிட்டின் கான்ட்ராஸ்ட் (படம் பளிச்சுனு தெரிய ஏத்தற மருந்து) இல்ல, தனி மருந்து. அமெரிக்காவுல இருக்கறவங்க இதைக் குறிச்சு வெச்சுக்கோங்க: மருந்துக்கு ஜே2850னு தனி கோடு, அதுவும் மைக்ரோகிராம் கணக்குல பில்லு போடுவாங்க. ஸ்கேனுக்கு கான்ட்ராஸ்ட் இல்லாம எடுத்தா 74181. ரெண்டுக்கும் சேர்த்து முன்கூட்டியே அப்ரூவல் வாங்கணும். இன்னொரு சிக்கல், இங்க விக்கற சிந்தெடிக் செக்ரிட்டின் கைரோஸ்டிம்னு பேரு, 2004-ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி கிடைச்சுது, ஆனா அனுமதி கணையம் எவ்ளோ சுரக்குதுன்னு பார்க்கவும், கேஸ்ட்ரினோமாங்கிற கட்டியைக் கண்டுபிடிக்கவும், ஈஆர்சிபி பண்ணும்போது வாசலைக் கண்டுபிடிக்கவும்தான். எம்ஆர்ஐக்குப் போடறது டாக்டருங்க அனுபவத்துல செய்யறது, லேபிள்ல இல்ல. அதைப் பிடிச்சிக்கிட்டு எங்களுக்கு ஒரு தடவை ரிஜெக்ட் ஆச்சு. டாக்டர் லெட்டர் எழுதிக் குடுத்து, வீட்டுக்காரர் ஆபீஸ்லேர்ந்து ரெண்டு மத்தியானம் ஃபோன்ல நின்னு பேசி, அப்புறம்தான் ஓகே ஆச்சு.

முதல் அப்பாயின்மென்ட். ஆறு மணி நேரம் பச்சத்தண்ணி கூட குடிக்காம, பொண்ணை ஃப்ரெண்ட் வீட்டுல விட்டுட்டு, ஒண்ணரை மணி நேரம் கார்ல போறோம். கவுன் மாத்தி ஊசி குத்தறதுக்குக் கையை நீட்டினப்புறம் ஒருத்தர் வந்து சொல்றார், ஃபார்மசியில செக்ரிட்டின் இல்லையாம், ஆர்டர் வரலையாம். இந்த மருந்தை மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசர்ல வெளிச்சம் படாம வைக்கணும், அடிக்கடி யூஸ் ஆகாத மருந்துங்கிறதால சும்மா வாங்கி அடுக்கி வைக்க மாட்டாங்க. அது புரியுது. ஆனா அதை நேத்தே பார்த்து ஒரு ஃபோன் பண்ணியிருக்கக்கூடாதா? அதை விட என் வயித்தெரிச்சல் என்னன்னா, "பரவால்ல, வந்ததுக்கு சாதாரண எம்ஆர்சிபி எடுத்துட்டுப் போங்க"ன்னாங்க. களைப்புல, பசியில, சரின்னு தலையாட்டப் போனேன். இவர்தான் "அது ஏற்கனவே எடுத்ததுதானே, மறுபடி அதையே எடுத்து என்ன பண்றது"ன்னு தடுத்தார். அன்னைக்கு எடுத்திருந்தா மறுபடியும் நார்மல்னு ஒரு பேப்பர் வந்திருக்கும், இன்ஷூரன்ஸும் இனிமே ஸ்கேன் எதுக்குன்னு கேட்டிருக்கும். தயவுசெஞ்சு முந்தின நாள் ஃபோன் பண்ணி "மருந்து உங்க ஃப்ரீசர்ல இருக்கா"ன்னு கேட்டுட்டுக் கெளம்புங்க. இதுக்கெல்லாம் கூச்சப்படாதீங்க.

ரெண்டாவது தடவை மூணு வாரம் கழிச்சு. அன்னைக்கு எல்லாம் நல்லபடியா நடந்துச்சு. போன உடனே ஒரு பெரிய கிளாஸ் அன்னாசிப்பழ ஜூஸ் குடுத்தாங்க. பசிக்குக் குடுக்கறாங்கன்னு நெனச்சேன். அதுல மாங்கனீஸ் இருக்கு, அது வயித்துலயும் குடல் ஆரம்பத்துலயும் இருக்கற தண்ணியை ஸ்கேன்ல கறுப்பாக்கிடுமாம், இல்லன்னா வயித்துத் தண்ணி வெள்ளையா முன்னாடி வந்து கணையத்தை மறைச்சிடும். எவ்ளோ எளிமையான யோசனை பாருங்க, ஆச்சரியமா இருந்துச்சு.

என் எடை 62 கிலோ. கிலோவுக்கு 0.2 மைக்ரோகிராம் கணக்குல 12.4 மைக்ரோகிராம். எனக்கு எடுத்த குப்பியில 16 மைக்ரோகிராம் இருந்துச்சு, அந்த அளவு குப்பின்னா 80 கிலோ வரைக்கும் ஒண்ணு போதும், அதுக்கு மேல எடை உள்ளவங்க ரெண்டாவது குப்பிக்கும் சேர்த்து அப்ரூவல் வாங்கியிருக்கான்னு பாருங்க. முதல்ல துளியூண்டு டெஸ்ட் டோஸ் குடுத்து அலர்ஜி வருதான்னு ஒரு நிமிஷம் பார்த்தாங்க.

மெஷினுக்குள்ள போனதும் வயித்து மேல கனமா ஒரு காயில் வெச்சு, மூச்சைக் கணக்கு பண்ண ஒரு பெல்ட் கட்டினாங்க. ஊசிக்கு முன்னாடி சாதாரணப் படம் இருபது நிமிஷம் போல. அப்புறம் ஸ்பீக்கர்ல டெக்னாலஜிஸ்ட் "இப்ப மருந்து போடறோம், ஒரு நிமிஷம் எடுக்கும்"னு சொன்னாங்க. கையில ஒரு குளிர்ச்சி, அப்புறம் முகமும் காதும் லேசா சூடாச்சு. அதுலேர்ந்து ஒவ்வொரு முப்பது செகண்டுக்கும் ஒரு படம். மூச்சை இழு, முழுசா விடு, அப்படியே நிறுத்து. சில செகண்டுதான், ஆனா பத்து நிமிஷம் தொடர்ந்து இருபது தடவை. மூச்சை விட்டுட்டு நிறுத்தறது இழுத்துட்டு நிறுத்தறதை விடக் கஷ்டம். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்துல நிறுத்தினாத்தான் படங்கள் ஒண்ணு மேல ஒண்ணு பொருந்தும். வீட்டுலயே ஒரு வாரம் படுத்துக்கிட்டு பழகிட்டுப் போங்க, நான் பழகினேன், ரொம்ப உதவியா இருந்துச்சு.

மூணாவது நிமிஷம் வாக்குல மேல்வயித்துல ஒரு இறுக்கம். உண்மையைச் சொல்லிடறேன், அப்ப பயந்துட்டேன். அட்டாக்கோட ஆரம்பம் எப்படி இருக்குமோ அதே இடம், அதே மாதிரி, ஆனா அதுல கால்வாசி. பெல்லை அமுக்கிடலாமான்னு விரல் வரைக்கும் வந்துச்சு. டெக்னாலஜிஸ்ட் என் மூச்சுலயே கண்டுபிடிச்சிருக்காங்க போல, "குழாய் நிறையுது, அதான் அழுத்தம், வலி தாங்க முடியலன்னா உடனே சொல்லுங்க, நான் இங்கதான் இருக்கேன்"னு பொறுமையா சொன்னாங்க. அந்தக் குரலை நான் மறக்க மாட்டேன். எட்டாவது நிமிஷத்துல இறுக்கம் கொஞ்சம் கொஞ்சமா விட்டுச்சு. கொஞ்சம் குமட்டல், வாந்தி இல்ல. வெளிய வந்து அரை மணி நேரம் உக்கார வெச்சாங்க. அன்னைக்கு ராத்திரி ரசஞ்சாதம் சாப்பிட்டேன், ஒண்ணும் ஆகல.

ரிப்போர்ட் ரெண்டு நாள்ல வந்துச்சு. அதுல முதல் வரியே என்னைத் தூக்கிவாரிப் போட்டுச்சு: பான்கிரியாஸ் டிவைசம்.

எல்லாருக்கும் வயித்துல இருக்கும்போதே கணையம் ரெண்டு மொட்டா உருவாகி ஏழு எட்டு வாரத்துல ஒண்ணு சேரும், ரெண்டோட குழாயும் இணைஞ்சு பெரிய மடை வழியா குடல்ல திறக்கும். 1642-ல பதுவா ஊர்ல விர்சுங்ங்கிறவர் கண்டுபிடிச்ச குழாய்தான் அந்தப் பெரிய மடைக்குப் போறது, அதான் அவர் பேரையே வெச்சிட்டாங்க. எனக்கு அந்த ரெண்டும் சேரவே இல்ல, அதுக்குப் பேருதான் டிவைசம். கணையத்துல பெரும்பகுதித் தண்ணி சான்டோரினிங்கிற இன்னொரு குழாய் வழியா சின்ன மடைக்குத்தான் போகுது. குளத்துத் தண்ணி மொத்தமும் சின்ன மடை வழியாப் போனா கரை என்னாகும்? ஊசிக்கு முன்னாடி எடுத்த படத்துல அந்தக் கடைசிப் பகுதி தெரியவே இல்ல. ஊசி போட்ட நாலாவது நிமிஷத்துல சின்ன மடைகிட்ட குழாயோட நுனி ஒரு சின்ன பலூன் மாதிரி உப்பி நிக்குது. சான்டோரினிசீல்னு சொல்றாங்க. பத்தாவது நிமிஷத்துலயும் குழாய் முழுசா சுருங்கல. மூணு வருஷமா எங்க எங்கயோ தேடினது அந்த நாலாவது நிமிஷப் படத்துல இருந்துச்சு.

பிறவியிலயே இருந்த அமைப்பு. நான் சாப்பிட்டதாலயும் இல்ல, மரச்சீனியாலயும் இல்ல. குடிக்கிறதை மறைக்கறேன்னு யாரோ நெனச்சாங்களே, அதுவும் இல்ல.

அவசரப்பட்டு யாரும் பயந்துடாதீங்க, டிவைசம் நூத்துல 5லேர்ந்து 10 பேருக்கு இருக்காம், பெரும்பாலானவங்களுக்கு வாழ்நாள் பூரா ஒண்ணும் ஆகறதில்ல. அதனால டிவைசம் இருந்தா அதான் காரணம்னு ஒரேயடியா சொல்லிட முடியாதுன்னு எங்க டாக்டரும் சொன்னார். என் விஷயத்துல அந்த பலூனும், நீர் வெளியேற லேட் ஆனதும் சேர்ந்திருக்கறதாலதான் அவர் அதைக் காரணமா எடுத்துக்கறார். சின்ன மடையோட வாசலை ஈஆர்சிபி வழியா கொஞ்சம் வெட்டி அகலப்படுத்தலாமான்னா, அதுல நிஜமாவே பலன் எவ்ளோன்னு டாக்டருங்களுக்குள்ளயே இன்னும் வாக்குவாதம் இருக்கு. அதையும் மறைக்காம சொன்னார்.

ரிப்போர்ட்ல இன்னொரு வரி இருந்துச்சு, எனக்கு அதான் முக்கியம். நீர் டியோடினத்தோட மூணாவது பகுதி வரைக்கும் நிறைஞ்சிருக்கு, கிரேட் 3, அதாவது சுரப்பு நல்லாவே இருக்கு. கிளைக்குழாய்களும் வீங்கல. மூணு அட்டாக்குக்கு அப்புறமும் கணையம் இன்னும் கெட்டுப் போகலன்னு அர்த்தம். அம்மாவுக்கு வீடியோ கால்ல அந்த இருபது படத்தையும் வரிசையா ஓட்டிக் காட்டினேன். ஒண்ணும் புரியாட்டியும் கண்ணை எடுக்காம பார்த்தாங்க. "அண்ணனுக்கு இருந்த மாதிரி கல்லு இருக்கா மக்களே?"ன்னு ஒரே கேள்வி. இல்லம்மான்னேன். அவங்க கண்ணைத் துடைச்சிக்கிட்டதை நான் பார்க்காத மாதிரி இருந்துட்டேன்.

குறைகளையும் சொல்லணும். இது பார்க்கற டெஸ்ட் மட்டும்தான், ஏதாவது கண்டுபிடிச்சா வைத்தியத்துக்கு மறுபடி ஈஆர்சிபிக்குத்தான் போகணும், ஆனா அப்ப எதுக்குப் போறோம்னு தெரிஞ்சு போவோம். சுண்ணாம்புக் கல்லு, பொடிக்கல்லு எல்லாம் எம்ஆர்ஐயில சரியாத் தெரியாது, அதுக்கு சிடி ஸ்கேன்தான். எங்க மாமா மாதிரி எக்ஸ்ரேயிலயே கல்லு தெரியறவங்களுக்கு இந்த ஊசி போட்டு புதுசா ஒண்ணும் சொல்லப் போறதில்ல. கணையம் ரொம்ப சுருங்கிப் போனவங்களுக்கு ஊசிக்கு சுரப்பே கம்மியாத்தான் இருக்கும், அதனால குழாயும் அவ்ளோவா உப்பாது, படத்துல வித்தியாசம் தெரியாம போகலாம். சில வயித்துவலி மாத்திரை, அலர்ஜி மாத்திரைங்க செக்ரிட்டினோட வேலையைக் குறைச்சிடும், ஆன்டிகோலினெர்ஜிக்னு சொல்ற வகை, அதனால என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்கன்னு முழு லிஸ்ட்டும் குடுங்க. என்கிட்ட அதை ஃபோன்ல யாரும் கேக்கல, நானா டாக்டர்கிட்ட கேட்டு தூக்கத்துக்குப் போடற அலர்ஜி மாத்திரையை நிறுத்தினேன். அதுக்கும் சேர்த்துதான் அந்த 2.

இன்னொண்ணு, எந்த சென்டருக்குப் போறோம்கிறது மெஷினை விட முக்கியம். மாசத்துக்கு எத்தனை செக்ரிட்டின் ஸ்கேன் எடுக்கறாங்க, யார் படிக்கறாங்கன்னு கேளுங்க. வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு எடுக்கற இடமா இருந்தா தூரமானாலும் வேற இடம் பாருங்க. கணையத்தையே முழு நேரமா படிக்கற ரேடியாலஜிஸ்டாலதான் அந்த பலூனைப் பிடிக்க முடிஞ்சுதுன்னு நான் நம்பறேன், ஏன்னா நான் அந்தப் படத்தைப் பத்துத் தடவை பார்த்தும் அவங்க அம்புக்குறி போட்ட இடத்தைத் தவிர வேற ஒண்ணும் எனக்குத் தெரியல. இருபது படத்தையும் சிடி டிஸ்க்குல கேட்டு வாங்கிக்கோங்க, ரிப்போர்ட் பேப்பர் மட்டும் போதாது, அடுத்த டாக்டர் படத்தைத்தான் கேப்பார்.

1998 வாக்குல ஆட்டிசம் குழந்தைகளுக்கு இந்த செக்ரிட்டின் ஊசி போட்டா குணமாகும்னு ஒரு பேச்சு கெளம்பி நிறைய பெத்தவங்க தேடி அலைஞ்சிருக்காங்க, 1999-லயே ஒழுங்கா டெஸ்ட் பண்ணிப் பார்த்து பலன் இல்லன்னு சொல்லிட்டாங்க. இன்னும் யாராவது அப்படிச் சொல்லி வித்தா நம்பி ஏமாறாதீங்க. செக்ரிட்டினைத் தேடும்போது அந்தப் பழைய செய்திங்க வந்து எனக்கு மனசு கஷ்டமாயிடுச்சு, அதான் இங்க சொல்லிட்டேன்.

அடுத்த மாசம் 12ஆம் தேதி ஈஆர்சிபி பண்ற டாக்டரைப் பார்க்கப் போறோம். வெட்டறதா, இன்னும் ஒரு வருஷம் அட்டாக் வருதான்னு பார்த்துட்டு இருக்கறதான்னு அன்னைக்கு முடிவாகும். என் மனசு இப்போதைக்குக் காத்திருக்கலாம்னுதான் சொல்லுது, வீட்டுக்காரர் பண்ணிடலாம்கிறார். படம் இருக்கற டிஸ்க்கை கார்லயே எடுத்து வெச்சிட்டேன். என்ன முடிவாச்சுன்னு இதுக்குக் கீழேயே வந்து எழுதறேன்.